கோட்டுப் பொத்தான்

உயர் நீதிமன்றத்தில் எங்கள் சாட்சியத்தை மொழிபெயர்த்த அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான ஆள், நரைத்த மீசை. பேசுமுன் கறுப்புக் கோட்டின் பொத்தானைப் போடுவார், முடித்ததும் கழற்றிவிடுவார்.

நாங்கள் வேலை செய்த தோட்டத்தை வாங்கிய புது முதலாளி எங்களைக் கிளப்பப் பார்த்தார். அவர் சொல்லி, மின்சாரக் கம்பெனி நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்டை வெட்டியது. அதற்குத்தான் வழக்கு. எங்களுக்குக் கடைத்தெரு மலாய்தான் தெரியும். தீர்ப்பை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை, அதன் மலாய் புரியவில்லை. நீதிபதி எழுந்ததும், ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமலே எல்லோரும் கும்பிட்டோம்.

வக்கீல் இன்னும் வெளியே வரவில்லை. மொழிபெயர்ப்பாளர் தன் காருக்குப் போய்க்கொண்டிருந்தார். யாரிடமும் வாய் திறக்காத நான் கேட்டுவிட்டேன்.

"ஐயா, என்னதான் சொன்னாங்க?"

அந்த வெயிலில் நின்று பொத்தானைப் போட்டார்.

"கரண்டு கம்பெனிக்கும் சட்டம் இருக்கும்மா. முதலாளி சொன்னாருன்னு வெட்டக்கூடாது. உடனே திரும்பக் கொடுக்கணும். நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"இன்னைக்கே எரியுமா?" என்றாள் பக்கத்து வீட்டு முனியம்மா.

"எரியலன்னா அவங்கதான் இங்க வந்து பதில் சொல்லணும்லா!" என்று சிரித்தபடி பொத்தானைக் கழற்றினார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கய்யா," என்றேன்.

மறுபடி பொத்தானைப் போட்டு, ஒரு சொல் மாறாமல் சொன்னார். நீதிபதிக்கு முன் நிற்பதுபோலவே எங்கள் முன் நின்றார்.

இப்போது லயத்தில் விளக்கைப் போடுமுன் முந்தானையைச் சரிசெய்துகொள்கிறேன்.