கதவோரம் காய்ந்த லுங்கி

அஜ்மானில் கம்பெனி கொடுத்த தொழிலாளர் கேம்ப்பில் எங்கள் பத்துப் பேருக்கும் ஒரே மெஸ். முறை வைத்துச் சமைத்து, சேர்ந்து சாப்பிடுவோம். வருடத்துக்கு ஒருமுறை கையைத் தூக்கிப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்போம். இந்த முறை மாடி அறையிலிருந்த மட்டக்களப்புக்காரர்கள் நான்கு பேர் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சேர்க்கலாம் என்றார் பழைய பொறுப்பாளர். கூடாது என்று அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றார் எங்களில் ஒருவரான எலக்ட்ரீஷியன்.

தேர்தலுக்கு முந்தின நாள் எலக்ட்ரீஷியனிடமிருந்து எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் பூட்டிய சமையலறை ஒன்றின் படம் வந்தது. 'ஷார்ஜா கேம்ப்பில் சிலோன்காரர்களைச் சேர்த்தார்கள், கம்பெனி கிச்சனையே பூட்டிவிட்டது' என்று கீழே எழுதியிருந்தது. ஆதரவாகப் பேசியவர்கள்கூடப் பின்வாங்கினார்கள். நானும்தான்.

மறுநாள் எல்லோரும் கூடியிருந்தபோது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கதவோரக் கொடியில் ஒரு நீலக் கட்டம் போட்ட லுங்கி. அதில் இஸ்திரிப்பெட்டி சுட்ட கறை.

"யோவ், இது என் லுங்கிய்யா! கரப்பான்பூச்சிக்கு மருந்தடிச்சிட்டு நம்ம கிச்சனைப் பூட்டினோமே, அன்னைக்கு எடுத்த படம்!"

லுங்கியைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினேன்.

"எனக்கும் ஃபார்வர்டாத்தான்ணே வந்துச்சு," என்றார் எலக்ட்ரீஷியன்.

"தினம் அந்தக் கதவைத் திறந்துதானேய்யா சோறு எடுக்குற?" என்றேன்.

அவரை மட்டும் சொல்வானேன், எங்களில் ஒருவருக்கும் எங்கள் கதவு அடையாளம் தெரியவில்லை.

பழைய பொறுப்பாளரே ஜெயித்தார். நால்வரைச் சேர்க்கப் பத்துக் கைகளும் உயர்ந்தன, எலக்ட்ரீஷியனுடையதும்தான். என் சமையல் முறை வந்தால் இன்றும் அந்த லுங்கியைத்தான் கட்டுகிறேன், கருகிய இடம் முன்னால் தெரியும்படி.