ஏழு நொடி முகம்

டிவி நிலையத்தில் அவளை 'மூலை' என்றுதான் கூப்பிடுவார்கள். "மூலை வந்தாச்சா? லைட்டைப் போடு" என்று கேமராக்காரர் குரல் கொடுத்த பிறகுதான் ஏழு மணி விவாதம் தொடங்கும். டிவி திரையின் வலது கீழ் மூலையில், உள்ளங்கை அகலக் கட்டத்துக்குள் நின்று, காது கேட்காதவர்களுக்காகப் பேச்சைச் சைகையாக மாற்றித் தருபவள் அவள். ஒன்பது வருடமாக அந்தக் கட்டம்தான் அவளுக்குச் சோறு போட்டது.

சைகை மொழியை அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை. அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளுக்கு வாய் பேசுவதற்கு முன்பே கை பேச ஆரம்பித்துவிட்டது. அண்ணன் இப்போது பழுதான மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக்கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஆறே முக்காலுக்கெல்லாம் அங்கே டிவியைப் போட்டுவிடுவார். காது கேட்காத கூட்டாளிகள் நாலைந்து பேர் ஸ்டூல்களை இழுத்துப் போட்டு உட்கார்வார்கள். நாட்டு நடப்பெல்லாம் அவர்களுக்கு அவள் விரல் வழியாகத்தான் போய்ச் சேரும்.

அன்றைய விவாதம் மின்சார மானியம் பற்றியது. எல்லாருக்கும் மலிவாக மின்சாரம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஏழைகளின் வங்கிக் கணக்கில் மட்டும் பணம் போடலாம் என்று அரசு சொல்லியிருந்தது. அண்ணனின் பட்டறை போன்றவற்றுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. அவளுக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் அதைச் செருப்போடு சேர்த்து ஸ்டூடியோ வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

ஆளுங்கட்சிப் பேச்சாளர் மேசையைத் தட்டினார். "மானியச் செலவு மலை மாதிரி ஏறிப்போச்சு! பணக்காரன் வீட்டு ஏசிக்கும் ஏழைதான் வரி கட்டறான்!"

அவள் 'மலை மாதிரி' என்பதைக் காட்டினாள். அதற்குக் கை மட்டும் போதாது. கன்னம் உப்ப வேண்டும், கண் இடுங்க வேண்டும். எழுத்துக்குக் கொம்பும் காலும் போல அந்த மொழிக்கு முகம்.

மறுநாள் காலை அந்த ஏழு நொடியை மட்டும் யாரோ வெட்டி ஊரெல்லாம் பரப்பிவிட்டார்கள். பேச்சாளர் முழங்குகிறார், மூலையில் ஒருத்தி கன்னத்தை உப்பிக் காட்டுகிறாள். தங்கள் ஆளைக் கேலி செய்துவிட்டாள் என்று ஆளுங்கட்சிக்காரர்கள் புகார் எழுதினார்கள். எதிர்க்கட்சிக்காரர்களோ, "அந்த டிவியிலயே உண்மை பேசற முகம் இது ஒண்ணுதான்" என்று தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். திட்டியதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். சபாஷ் போட்டதுதான் முள்ளாகக் குத்தியது. ஒன்பது வருட நேர்மையை ஏழு நொடியில் ஒரு கட்சிக்கு எழுதி வைத்துவிட்டார்களே!

நிலைய மேலாளர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "விசாரணை முடியற வரைக்கும் நீங்க வர வேணாம்மா. என் கையைக் கட்டிப் போட்டிருக்காங்க."

பன்னிரண்டு நாள் வீட்டில் கிடந்தாள். டிவியில் மூலைக் கட்டம் காணாமல் போய், திரையின் அடியில் எழுத்து ஓடியது. அதுவும் குதிரை வேகத்தில். பதின்மூன்றாம் நாள் மாலை அண்ணன் கம்பிப் பிசுக்குக் கையோடு நேராக வந்து நின்றார். அவர் கோபப்பட்டால் விரல்கள் சொடுக்கும்.

"டிவியில என்ன பேசறாங்கன்னு ஒரு எழவும் புரியல. நீ எப்ப வருவே?"

"நான் கேலி பண்ணிட்டேன்னு சொல்றாங்கண்ணே," என்று அவளும் கையால்தான் சொன்னாள்.

அண்ணன் சிரித்தே விட்டார். "கேலியா? அன்னிக்கு அந்தாளு பேச்சை நீ காட்டினப்ப, அவர் சொல்றதும் நியாயம்தானோன்னு எனக்கே தோணிடுச்சு. என் பட்டறைக்கு வேட்டு வைக்கற பேச்சு! உன் மேல எரிச்சலா வந்துச்சு. இதைப் போய் விசாரிக்கற அதிகாரிகிட்ட சொல்லு."

விசாரணை அதிகாரி சதா இருமிக்கொண்டிருக்கும் ஒரு அம்மாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "உங்க அண்ணன் சொல்றதைச் சாட்சியா எடுத்துக்க முடியாதும்மா. ஆனா இதைச் சோதிச்சுப் பாக்கலாம்," என்றார்.

அடுத்த வாரம், அவளை நேரில் அறியாத காது கேட்காத ஆறு பேரை வரவழைத்தார். அன்றைய விவாதப் பதிவில் ஒலியை நிறுத்தி, பேச்சாளரின் படத்தை மறைத்து, மூலைக் கட்டத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார். பேசியவர் சொன்னது என்ன, எழுதுங்கள் என்றார். புகாரில் கையெழுத்துப் போட்டிருந்ததால் பேச்சாளரும் வந்து உட்கார்ந்திருந்தார். அவள் வெளியே நடைகூடத்து பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்பை நூறாவது தடவை படித்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. "உள்ள வாம்மா."

ஆறு தாளையும் அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்தார். வார்த்தை வேறு வேறு, வாதம் ஒன்றே. மானியம் பெரும் சுமை, வசதியானவர்களுக்கும் போகிறது, தேவையானவர்களுக்கு மட்டும் பணமாகக் கொடுக்க வேண்டும். ஐந்தாவது தாளின் அடியில் ஒருவர் கூடுதலாக ஒரு வரி எழுதியிருந்தார்: 'வாதம் நன்றாகப் புரிந்தது. எனக்குச் சம்மதமில்லை.'

அதிகாரிக்கு இருமலையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. பேச்சாளர் தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"நான் நாப்பது நிமிஷம் பேசினேன். இவங்க நாலு வரியில முடிச்சுட்டாங்களே," என்று தலையைச் சொறிந்தார். பிறகு எழுந்து நின்றார். "தப்பா நினைச்சுட்டோம்மா. புகாரை நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். வாய்க்கு முன்பே கை தானாக எழுந்து சொல்லிவிட்டது. அறையில் இருந்த ஆறு பேரும் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டினார்கள். அவர்களின் கைத்தட்டல் அது.

குற்றமில்லை என்று அறிக்கை வந்தது. அதோடு, ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது, மொழிபெயர்ப்பாளருக்கு இருப்பது இரண்டே கை என்றும் அதிகாரி எழுதியிருந்தார். விவாதத்துக்கு வருகிறவர்களுக்கு அதில் ஏகப்பட்ட வருத்தம். பார்க்கிறவர்களுக்கு நிம்மதி. மானியம் என்ன ஆகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. அண்ணனும் கூட்டாளிகளும் அதைப் பற்றித் தினமும் கையாலேயே சண்டை போடுகிறார்கள்.

திரும்பிப் போன முதல் நாள், ஓய்வு பெறும் வயதைக் கூட்டலாமா என்று விவாதம். முதல் இரண்டு நிமிடம் முகத்தை அளந்துதான் அசைத்தாள். பிறகு கன்னத்தை உப்ப வேண்டிய இடம் வந்தது. தயங்காமல் உப்பினாள். அதற்கப்புறம் அளக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மூன்று வாரமாக வராத தூக்கம் அப்படி ஒரு தூக்கமாக வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி நாலு நிறுத்தம் கூட்டிப்போய் விட்டது. கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார். "அந்த டிவிக்காரம்மாதானே நீங்க? கடைசி ஸ்டாப் வந்தாச்சு." அவள் சிரித்துக்கொண்டே இறங்கி, வந்த வழியே நடந்தாள்.