என் பேரைச் சொல்லாத

ஹெஸ்ட்வேர் தீவின் ஊராட்சி அலுவலகத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் ரன்வைக்கின் முகத்தில்தான் விழிக்க வேண்டும். இருபது வருடத்துக்கும் மேலாக வரவேற்பு மேசையும் தொலைபேசியும் அவள் பொறுப்பு. நாய் காணாமல் போனாலும், சாலையில் பனி அள்ளாமல் கிடந்தாலும், பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டாலும் ஊர் அவளைத்தான் அழைக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உறவென்று இருந்தது தம்பி ஓட்முன் ஒருவன்தான். மீன்பிடிப் படகு வைத்திருந்தான்.

போன குளிர்காலத்தில் மேயர் இங்குன், வடமுனைப் பள்ளியை மூடுவதென்று முடிவெடுத்தாள். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கூரை ஒழுகுகிறது என்பது அவள் வாதம். ஓட்முனின் இரண்டு பெண்களும் படித்த பள்ளி அது. எதிர்த்து ஊரைத் திரட்டியவனே அவன்தான்.

அன்றிலிருந்து தொலைபேசியை எடுத்தாலே வசவு. மேயரைத் திட்ட அழைத்தவர்கள், வாய்க்குக் கிடைத்த ரன்வைக்கைத் திட்டினார்கள். ஒரு காலையில் அலுவலக வாசலில் யாரோ மீன்குடலைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மற்றவர்கள் வருவதற்குள் அவளே வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். பிறகொரு நாள், குடித்துவிட்டு அழைத்த குரல் தம்பியுடையதாக இருந்தது.

"அவளுக்கு வால் பிடிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"மேயர் கூட்டத்துல இருக்காங்க. சேதி ஏதாவது சொல்லணுமா?" யாரிடமும் கேட்பதுபோலவே அவனிடமும் கேட்டாள். அவன் வைத்துவிட்டான். அதற்குப் பிறகு கடையில் எதிர்ப்பட்டால்கூட அவன் வந்த வழியே திரும்பிப் போனான்.

செப்டம்பர்த் தேர்தலில் இங்குன் தோற்றாள். பதவியை ஒப்படைக்கும் நாளில் அலுவலக உணவறையில் காபியும் கேக்கும் வைத்து, போகிறவர் ஊழியர்களுக்கு நன்றி சொல்வது அங்கே வழக்கம். ஊர்க்காரர்களும் வரலாம். முந்தின நாள் ரன்வைக், இங்குனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"நாளைக்கு என் பேரைச் சொல்லாத."

"என்னடி இது? முதல்ல சொல்ல வேண்டியதே உன் பேருதான்."

"நீ பூடோ நகரத்துக்கு வேலைக்குப் போயிடுவ. நான் இந்த ஊர்லதான் குப்பை கொட்டணும். நீ என்னைப் புகழ்ந்தேன்னு தெரிஞ்சா ஓட்முன் சாகுற வரைக்கும் என் வாசப்படி மிதிக்க மாட்டான்."

இங்குன் வாதாடிப் பார்த்தாள். கடைசியில் தலையாட்டினாள்.

மறுநாள் உணவறையில் நிற்க இடமில்லை. புதிய மேயர் முன்வரிசையில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தார். இங்குன் பேச எழுந்த நேரத்தில் கதவு திறந்தது. ஓட்முன். படகிலிருந்து நேராக வந்தவன்போல ரப்பர் உடையோடு, குடித்த முகமா இல்லையா என்று தெரியாத முகத்தோடு சுவரில் சாய்ந்து நின்றான். ரன்வைக் கேக் தட்டை மேசைமேல் வைத்தாள்.

இங்குன் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனாள். புயலில் குடிநீர்க் குழாயைச் சரிசெய்த பொறியாளர், பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர், சமையல்காரி, துப்புரவு செய்பவள். பிறகு ஒரு கணம் தயங்கினாள். "அவ்வளவுதான். எல்லாருக்கும் நன்றி."

"அவ்வளவுதானா?" சுவரோரத்திலிருந்து வந்தது குரல்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஒரு வருஷமா உன் பங்கு ஏச்சையெல்லாம் எங்க அக்கா வாங்கிக் கட்டிக்கிட்டா. நானே ஏசியிருக்கேன். பனி வண்டிக்காரன் பேரெல்லாம் ஞாபகம் வருது, அவ பேரு மட்டும் வாயில வரலையா உனக்கு?"

இங்குன் வெளுத்துப்போனாள். ஆனாலும் கொடுத்த வாக்கைக் காத்து வாய் திறக்காமல் நின்றாள். அது ரன்வைக்கால் தாங்க முடியாததாக இருந்தது. நாற்காலி பின்னால் சாய எழுந்தாள்.

"வாயை மூடுடா! அவ மறக்கல. நான்தான் சொல்ல வேணாம்னேன். உன்னாலதான்!"

"என்னாலயா?"

"போன்ல என்ன பேசினேன்னு மறந்துபோச்சா?"

"மறக்கல." அவன் குரல் தணிந்தது. "அதனாலதான் வந்தேன்."

இங்குன் ரன்வைக்கைப் பார்த்தாள். "இப்ப சொல்லலாமா?"

ரன்வைக் தோளைக் குலுக்கினாள்.

"பள்ளிக்கூடத்தை மூடினது நான்," என்றாள் இங்குன். "ஒரு நாளும் இவ மேசையை விட்டு ஓடல. யாரு திட்டினாங்கன்னு கேட்டா, 'ஊரு'ன்னு மட்டும் சொல்லுவா. நன்றி, ரன்வைக்."

கைதட்டல் உடனே எழவில்லை. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் அந்தத் தொலைபேசியில் கத்தியவர்கள். குனிந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையல்காரிதான் முதலில் தட்டினாள். பிறகு மெல்ல மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

கூட்டம் கலையும்போது ஓட்முன் இங்குனிடம் போனான். "பள்ளிக்கூடத்துக்காக உன்னை மன்னிக்க மாட்டேன்."

"தெரியும்," என்றாள் அவள்.

பிறகு அக்காவின் அருகே வந்து, அவள் தட்டில் மிச்சமிருந்த கேக்கைக் கேட்காமலே எடுத்துத் தின்றான்.

"வண்டிக்குப் பனிக்கால டயர் மாத்திட்டியா?"

"இல்ல."

"சனிக்கிழமை கொண்டா, மாத்தித் தரேன்," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியேறினான்.