கிடா வாடையும் ஜீப்பில் ஓர் இடமும்

மதினியை நினைத்தால் முதலில் கண்ணில் வந்து நிற்பது ஒரு வெளிர்நீல முழுக்கைச் சட்டைதான். காலர் நைந்து, மேல் பொத்தான் போன இடத்தில் ஊக்கு குத்திய சட்டை. திருப்பூருக்கு வேலைக்குப் போன அவருடைய வீட்டுக்காரர் ஊரில் விட்டுப்போனது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோருமே சேலைக்கு மேல் இப்படி ஒரு ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். அட்டைக்கடிக்கும் குளிருக்கும் அதுதான் காவல். விடியும் முன்பே பஸ் ஸ்டாப்பில் சட்டையும் தூக்குச்சட்டியுமாக நிற்போம். ஜீப் வந்ததும் ஆளுக்கு ஒரு இடுக்கில் ஏறிக்கொள்வோம். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர். ஒருத்தி மடியில் இன்னொருத்தியின் முழங்கை, ஒருத்தி தோளில் இன்னொருத்தியின் தூக்கம். அப்படி நெருக்கியடித்துக் கம்பம்மெட்டு ஏறி, கேரளத்துத் தோட்டத்தில் இறங்கினால்தான் அன்றைய பாடு. ஜீப்பில் இடம் இல்லையென்றால் வேலையும் இல்லை.

மதினி எனக்குச் சொந்த மதினி கிடையாது. எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தவர், முறைக்கு மதினி. அவரிடம் ஒரு கிடா இருந்தது. கறுப்பில் செம்பழுப்புத் திட்டு, தாடி, கொம்பு எல்லாம் வைத்த வெள்ளாட்டுக் கிடா. சுருளிப்பட்டி வரைக்கும் அதற்குப் பேர் இருந்தது. பருவத்துக்கு வந்த பெட்டையாடுகளைச் சேர்க்க ஆட்கள் கையில் காசோடு பிடித்துக்கொண்டு வருவார்கள். கிடாவின் குணம் ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். பருவத்தில் அது தன் தாடியிலும் முன்னங்காலிலும் தானே மூத்திரம் பெய்துகொள்ளும். அதைச் செய்துவிட்டுச் சும்மாவும் இருக்காது, கிட்டே வருகிறவர் இடுப்பில் தலையை வைத்துத் தேய்க்கும். அதற்கு அது பாசம். நமக்கு அந்தச் சட்டையே போச்சு.

இதில் மதினிக்கு ஒரு சங்கடம் இருந்தது. அது அவருடைய குற்றமே அல்ல என்று இப்போது எனக்குப் புரிகிறது. ராப்பகல் அந்த வாடையிலேயே இருக்கிறவருடைய மூக்குக்கு அது தெரியாது. அதோடு, கிடா மூத்திர வாடை காய்ந்த துணியில் படுத்துக் கிடக்கும், ஈரம் பட்டால் எழுந்துகொள்ளும். ஊரில் வெயிலில் காய்ந்த சட்டையை அவர் மோந்து பார்த்தால் சோப்பு வாசம்தான் வரும். அதே சட்டை மெட்டு ஏறும்போது, மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பனிமூட்டமாக மஞ்சு படிந்து ஈரமானதும், ஜீப்புக்குள் கிடாவே ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். மழைக்குப் பக்கத்துப் படுதாவை இறக்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால் மதினி திரும்பிப் பார்த்தால், "ஒண்ணுமில்ல மதினி, சளி" என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

நானும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் செய்தேன். என் இடம் அவருக்கு அடுத்த இடம். எனக்கோ சின்ன வயதிலிருந்தே நாய் மூக்கு, வீட்டில் பால் திரியப்போவதை முந்தின நாளே சொல்லிவிடுவேன். ஒரு நாள் தாங்க முடியாமல், டீக்கடையில் நிறுத்தியபோது டிரைவர் அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, கெடா வாடை கொடலைப் புடுங்குது, ஏதாச்சும் செய்ங்க" என்று சொல்லிவிட்டேன். பேர் சொல்லவில்லை. கிடா வாடை என்ற பிறகு பேர் எதற்கு? டிரைவர் அண்ணன் வண்டியில் ஏறியதும் எல்லோருக்கும் பொதுவாகச் சத்தமாகச் சொன்னார்: "ஆளுக மூக்கப் பொத்துறாக. யாரா இருந்தாலும் சரி, துணிமணிய நல்லாத் தொவைச்சுட்டு வாங்க." மதினி அந்த நீலச் சட்டையின் கையை மெதுவாக மூக்கருகே கொண்டுபோனதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். பார்த்துவிட்டு வெளியே மலையைப் பார்க்கிறவள்போலத் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே மதினி சட்டையைச் சோப்புப் போட்டு வெந்நீரில் அவித்தார். மறுநாள் தோட்டத்தில் மழை. நனைந்த சட்டையில் வாடை லேசாகத் தலைகாட்டவும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் தெரியுமல்லவா? விறகு போட்டு, அனல் சுற்றிவர, தட்டுத்தட்டாக ஏலக்காய் காயும் அறை. அதன் பக்கத்தில் நடந்துபோனாலே சேலையெல்லாம் மணக்கும். அந்த அறைக்குள் சட்டையைத் தொங்கவிட்டால் கிடா வாடை போய் ஏலக்காய் வாசம் ஏறிவிடும் என்று நினைத்தார். ஏலத்தோட்டத்துப் பொம்பளைக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. கேட்டபோது எனக்கும் சரியென்றுதான் பட்டது. தட்டுகளுக்குப் பின்னால் ஒரு ஆணியில் மாட்டிவிட்டுக் காய் எடுக்கப் போய்விட்டார்.

மத்தியானம் ஸ்டோர்க்காரர் "எந்தா ஈ நாற்றம்!" என்று மலையாளத்தில் கத்தியது மேல் சரிவு வரைக்கும் கேட்டது. அனலில் வாடை துணிக்குள் வெந்து இறுகியதோடு நிற்கவில்லை. பக்கத்துத் தட்டில் இருந்த பச்சை ஏலக்காய் அத்தனையும் அதை உறிஞ்சிவைத்திருந்தது. ஏலக்காய் அப்படித்தான், பக்கத்தில் எது இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். சூப்பர்வைசர் ஒரு காயை உரித்து மோந்து பார்த்துவிட்டு மதினியைக் கூப்பிடக்கூட இல்லை, நேராக டிரைவர் அண்ணனிடம் சொன்னார்: "இந்தம்மாவ நாளையிலிருந்து ஏத்தாத." இறங்கும் இடத்தில் டிரைவர் அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு வாரம் ஒங்க எடத்துல வேற ஆள் ஏத்தாம வச்சிருக்கேன். வாடை போனா வாங்க. நான் சூப்பர்வைசர்ட்ட பேசிக்கிறேன். போகலைன்னா என்னையத் தப்பா நெனைக்கக் கூடாது" என்றார்.

தெருவில் எல்லோரும் சொன்ன வழி ஒன்றுதான், கிடாவை விற்றுவிடு. மதினி அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கோடையில மூணு மாசம் ஜீப்பு வராது. அப்ப சோறு போடுறது கெடாதேன். மத்த மாசம் சோறு போடுறது ஜீப்பு. எனக்கு ரெண்டும் வேணும். போக வேண்டியது வாடை மட்டுந்தேன்" என்றார். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அன்று பொழுது சாய, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஏ புள்ள, எம் மூக்கு செத்துப்போச்சு. ஒம் மூக்கு எனக்கு ஒரு வாரம் வேணும்" என்றார். தெரிந்துதான் வந்திருக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மாட்டேன் என்று சொல்ல எந்த முகம் இருந்தது எனக்கு? தினமும் ஜீப்பிலிருந்து இறங்கியதும் அப்படியே அவர் வீட்டுக்குப் போனேன்.

முதல் இரண்டு நாள் தெரு சொன்னதையெல்லாம் செய்தோம். பினாயில் போட்டோம், பினாயிலும் கிடாவும் சேர்ந்து மணத்தன. வாசனைத் திரவப் பாக்கெட்டை ஊற்றினோம், மல்லிகைப் பூ வைத்த கிடா கிடைத்தது. மூன்றாம் நாள் யாரோ சொன்னார்கள் என்று ப்ளீச்சிங் பவுடரை மதினி கிடா மூத்திரம் ஊறிய பழந்துணியிலேயே கொட்டிவிட்டார். மூத்திரமும் ப்ளீச்சிங்கும் சேர்ந்தால் விஷப் புகை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? குப்பென்று எழும்பி, கண் எரிந்து, மூச்சடைத்து இருமினார். வாளியை அங்கேயே போட்டுவிட்டு அவரை வெளியே இழுத்துக்கொண்டு ஓடினேன். தெருக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு, செவந்த கண்ணோடு அவர் கேட்ட முதல் கேள்வி, "வாடை போயிருக்குமா?" எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அதற்குப் பிறகுதான் மதினி நிதானமாக யோசித்தார். கிடாவைக் கட்டும்போது போடும் பழைய சட்டை ஒன்றைக் கத்தரித்து, கை அகலத் துண்டுகளாக்கினார். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு விதமாக அலசி, அடையாளத்துக்கு முடிச்சுப் போட்டார். அவித்ததற்கு ஒரு முடிச்சு, அவித்து இஸ்திரிப் பெட்டி போட்டதற்கு இரண்டு, பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசியதற்கு மூன்று, இப்படி. காய்ந்த துண்டுகளை என்னிடம் நீட்டினார். "காஞ்சத மோந்து என்னா செய்ய? மெட்டுல மஞ்சு படுற மாதிரி தண்ணி தெளிங்க மதினி" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் செய்த உருப்படியான காரியம். தண்ணீர் தெளித்ததும் எல்லாத் துண்டும் வாய் திறந்தன. இரண்டு முடிச்சுத் துண்டுதான் மோசம், ஒரு முடிச்சு அதற்கு அடுத்தது. பச்சைத் தண்ணீர்த் துண்டில் பாதிதான் இருந்தது. மதினி மூன்று துண்டையும் வாங்கி வரிசையாக மடியில் வைத்துப் பார்த்தார். "சூடுதேன் கள்ளன். நாமளே வாடைய அவிச்சு அவிச்சு உள்ள ஏத்திருக்கோம்" என்றார். ஸ்டோர் அறையில் நடந்ததும் அதுதான் என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

வழி தெரிந்த பிறகு கால் நின்றதா அவருக்கு? கம்பத்தில் ஃபிரைட் ரைஸ் போடுகிற கடைக்காரரிடம் ஒரு பாட்டில் வினிகர் வாங்கி வந்தார். மளிகைக் கடையில் விசாரித்து, பச்சைத் தண்ணீரில் ஊறவைக்கிற ஒரு சலவைத்தூளும் வாங்கினார். ரத்தக்கறை, வேர்வையையெல்லாம் தின்கிற என்சைம் அதில் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னாராம். "தின்னுறதுன்னா அதுக்கும் நேரம் குடுக்கணும்ல" என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரு துண்டுக்கு ஐந்து முடிச்சுப் போட்டு, அதை முதலில் பச்சைத் தண்ணீரில் நாலு அலசு அலசி, வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு, அதையும் அலசிவிட்டு, தூள் கரைத்த தண்ணீரில் விடிய விடிய ஊறவைத்தார். பிறகு சுள்ளென்ற வெயிலில் காயப்போட்டார். ஐந்து முடிச்சுப் போட்ட அந்தத் துண்டில் தண்ணீர் தெளித்து மோந்தேன். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் நனைத்து மோந்தேன். வெறும் துணி. சொல்ல வாயெடுத்தால் எனக்கு அழுகை வந்தது. வெந்து இறுகிப்போயிருந்த நீலச் சட்டைக்கு அதே வைத்தியத்தை இரண்டு நாள், இரண்டு தரம் செய்தார். கிடாத் துணிக்கென்று தனிக் கொடி, தனி வாளி வைத்தார். இன்றைக்கு என் மகன் வளர்க்கிற கோம்பை நாய்க்குட்டி போர்வையை நனைத்துவைத்தால் நானும் அதைத்தான் செய்கிறேன். வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. அதில் வெந்நீர்ப் பொத்தானும் இருக்கிறது. நாய்ப் போர்வைக்கு அதை நான் தொடுவதில்லை.

எட்டாம் நாள் மதினி பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். தலை வாரி, நீலச் சட்டையின் ஊக்கைக்கூட மாற்றிப் புது ஊக்குக் குத்தியிருந்தார். டிரைவர் அண்ணன், "மெட்டு ஏறுறதுக்குள்ள ஒருத்தர் மூக்கப் பொத்துனாலும் அங்கனயே எறக்கி விட்ருவேன். யாரா இருந்தாலும் அதேன் சட்டம்" என்றார். மதினி சரி என்று தலையசைத்து என் பக்கத்தில் பழைய இடத்தில் உட்கார்ந்தார். கம்பத்தைத் தாண்டியதும் தூறல் பிடித்தது. படுதாவை இறக்கினார்கள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பதினாறு மூக்கும் வேலை செய்துகொண்டிருந்தன. மூன்றாவது வளைவில் மஞ்சு உள்ளே வந்தது. முன்னாலிருந்த ஒரு அக்கா முந்தானையை எடுத்து, "ஆரம்பிச்சிருச்சு ஆத்தா" என்றார்.

எல்லோரும் மதினியைப் பார்த்தார்கள். வாடை எனக்கும் அடித்தது. மதினியின் முகம் வெளுத்துவிட்டது. சட்டைக் கையை மூக்கில் வைத்துப் பார்த்தார், அவருக்குத்தான் தெரியாதே. "புள்ள, ஒம் மூக்கு என்னா சொல்லுது?" என்றார். நான் குனிந்து அவர் தோளில் மூக்கை வைத்தேன். வெயில் பட்ட துணி வாசம், அவ்வளவுதான். அப்புறம்தான் என் சட்டைக் கையை முகத்தருகே கொண்டுபோனேன். முந்தின நாள் சாயங்காலம் அவர் துணி காயப்போடட்டும் என்று கிடாவின் கயிற்றை நான் பிடித்திருந்தேன். அது என் இடுப்பிலும் கையிலும் தலையைத் தேய்த்தது. வீட்டில் காய்ந்த சட்டையை மோந்து பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அவரோடு போயிருக்கும். என் வீட்டிலும் அந்த ஜீப்பை நம்பித்தான் அடுப்பு எரிந்தது. இருந்தும் அந்தச் சட்டையின் ஒவ்வொரு அலசையும் கூட இருந்து பார்த்தவள் நான். "அண்ணே, நிப்பாட்டுங்க. எம்மேலதேன் வருது" என்றேன். யாரும் நம்பவில்லை. பின்னாலிருந்த ஒரு அக்கா எட்டி என்னை மோந்து, மதினியை மோந்து, "அட, ஆமா! இவ மேலதேன்" என்றதும் ஜீப்பே சிரித்தது. டிரைவர் அண்ணனும் சிரித்தார். ஆனால் கம்பம்மெட்டில் வண்டியை நிறுத்தி, "சட்டம் சட்டந்தேன், எறங்குத்தா" என்றார். தூக்குச்சட்டியோடு இறங்கி நின்றேன்.

மதினி படுதாவை விலக்கித் தலையை வெளியே நீட்டினார். "அன்னைக்கு டிரைவர்ட்ட சொன்னதும் நீதேன்னு எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "மத்தவளுகெல்லாம் சளின்டு சொன்னாளுக. உள்ளதச் சொன்ன மூக்கு ஒண்ணுதேன் இருந்துச்சு. அதேன் ஒன் வீட்டுக்கு வந்தேன்." ஜீப் உறுமி நகர ஆரம்பித்தது. அவர் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்து கத்தினார்: "சாயங்காலம் சட்டையக் கொண்டா! சுடுதண்ணியில கிடுதண்ணியில போட்றாத!"

கீழே இறங்கும் பஸ்ஸில் இடம் இருந்தது. நான் யார் பக்கத்திலும் உட்காராமல் கம்பம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.