செம்பு நிறம் வந்த கிரீம்

இந்த நாட்டில் முகத்துக்குப் பூசுகிற கிரீம் குளிர்சாதனப் பெட்டியில், முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே பனி முழங்கால் மட்டும் கிடக்கும்போது உள்ளே ஒரு கிரீமுக்குத் தனியாகக் குளிர் வேண்டியிருக்கிறது. கனடாவுக்கு மகளிடம் வந்து இரண்டு குளிர்காலம் போயும் எனக்கு இது பழகவில்லை.

மகள் வசந்தி கடைக் கிரீமை நம்புவதில்லை. வைட்டமின் சி தூளைக் கொதித்தாறிய நீரில் கரைத்து, வைட்டமின் ஈ மாத்திரையைக் குத்தி எண்ணெயில் பிழிந்து, மெழுகு சேர்த்து அவளே அடித்துவிடுவாள். எண்ணெயில் கிடக்கும் ஈ சற்று நாள் தாங்கும். சி தாங்காது. நீரும் காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். அதனால் கொஞ்சமாகச் செய்து, கறுத்த புட்டியில் இறுக்கி மூடிக் குளிரில் வைத்து, ஒரு வாரத்தில் முடித்துவிட வேண்டும். இவ்வளவையும் அவள் எங்களுக்குச் சொன்னது பிறகுதான்.

சென்ற மாதம் ஒரு நாள் அவள் வேலைக்குப் போயிருந்தாள். நான்கு மாதப் பேத்தியின் கன்னம் காற்றில் வெடித்திருந்தது. என் மனைவி பாக்கியம் சன்னலோரம் வசந்தி மறந்து வைத்திருந்த கிரீம் புட்டி ஒன்றைத் திறந்தாள்.

"என்னாங்க, இங்க பாருங்க. இப்பதான் பதம் வந்திருக்கு. இவ வெள்ளையா இருக்கயில பச்சையாவே பூசிக்கிட்டுத் திரியிறா."

எட்டிப் பார்த்துத் தலையாட்டினேன். இலங்கையில், பலாங்கொடைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், அதை ஸ்டோரு என்போம், நான் கிளார்க். பாக்கியம், அரைத்த கொழுந்தைப் புளிக்கப் பரப்பும் பகுதியில் வேலை செய்தாள். பச்சைக் கொழுந்து காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகும் அந்த நேரத்தை, ஸ்டோரை நடத்தும் டீமேக்கரே அவளைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். அந்த நிறத்துக்காக அத்தனை பேரும் காத்திருப்போம். புட்டிக்குள் இருந்ததும் அதே நிறம்.

பூசியதும் பிள்ளை வீறிட்டது. கன்னம் இரண்டும் சிவந்துபோயின. வசந்தி தொலைபேசியை எடுக்கவில்லை. பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்கு நடந்தோம். வழியில் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே போனேன். எண்ணாவிட்டால் வேறு ஏதேதோ நினைக்கத் தோன்றியது.

கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஸ்டோரு ஆங்கிலத்தில் சொன்னேன்: ஓவர் ஃபெர்மென்ட்டட், நொட் ஃபயர்ட். புளிப்பு மிஞ்சிவிட்டது, இன்னும் அடுப்பில் உலர்த்தவில்லை என்பதற்கு ஸ்டோரில் அப்படித்தான் சொல்வோம். அவள் முகம் மாறிவிட்டது. பிள்ளைக்குச் சாராயம் கொடுத்தீர்களா என்றாள். நோ, நோ, ஒன்லி ஆன் ஃபேஸ் என்றேன். நெருப்பு எங்கே என்று கேட்டாள். பாக்கியம் பொறுமையிழந்து புட்டியை அவள் முன்னால் வைத்தாள்.

திறந்து முகர்ந்ததும் அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக்ஸிடைஸ்ட் என்றாள். காற்றுப்பட்டு வைட்டமின் சத்துப் போய்விட்டது, மெல்லிய தோலுக்குக் கொஞ்சம் எரிந்திருக்கும், வெதுவெதுப்பான நீரில் கழுவுங்கள், சிவப்பு அடங்காவிட்டால் டாக்டரிடம் போங்கள் என்றாள். மூச்சு விட்டேன். வீட்டுக்கு வந்து கழுவிவிட்டு, கால்மணிக்கொரு தரம் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வருவதற்குள் சிவப்பு இறங்கி, பிள்ளை கால் உதைத்துச் சிரித்தது.

"அம்மா, அது கெட்டுப்போனதும்மா," என்றாள் வசந்தி.

"கெட்டதுன்னா நாறணும்ல? என்னய மட்டும் சொல்லு. கிளாக்கையாவும்தான் தலய ஆட்டுனாரு."

"நல்லாருக்கு. ரெண்டு பேருஞ் சேந்து எம் புள்ளயத் தேயிலயாக்கப் பாத்திருக்கீங்க."

மூவரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

புதிய கிரீமைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இப்போது பாக்கியமே எடுத்துக்கொண்டாள். மாலையில் தேநீர் ஊற்றியதும் ஒரு கையில் கோப்பையும் மறு கையில் மூடி திறந்த புட்டியுமாகச் சன்னல் வெளிச்சத்துக்கு வருகிறாள். ஒன்றில் நிறம் வந்துவிட்டதா என்று பார்க்கிறாள். மற்றதில் வந்துவிடவில்லையே என்று பார்க்கிறாள்.