ஓவியர் வீட்டுத் துடக்கு

கூட்டுறவுக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றே ஓய்வு பெற்றவள் நான். ஆட்களை நம்பிப் பழக்கமில்லை. வீட்டுக்கு வரும் அரிசியை இன்றைக்கும் ஒரு தடவை நிறுத்துப் பார்ப்பேன். மீன்காரர் நல்ல மீன் என்று சத்தியம் செய்தால் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். "உனக்கு முன்னால கண்ணகை அம்மாளே வந்து நிண்டாலும் அடையாள அட்டையக் காட்டு எண்டுதான் கேப்பாய்" என்று என் கணவர் சொல்வார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன். ஆகவே அந்த ஓவியரில் எனக்குச் சந்தேகம் வந்தபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை.

எங்கள் ஊர் மண்டூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்கு மட்டும்தான் கதவு திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டுத்தான். சடங்கு நாட்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு பூசை உண்டு. குடி என்பது எங்களுக்குத் தாய்வழியாக வருவது. என் தாயின் குடிதான் எனக்கும், என் மகளுக்கும்.

என் ஒரே மகள் மருமகனோடு கட்டாரில் இருக்கிறாள். இரண்டு தடவை பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவது தடவை தரித்திருக்கிறது என்று போன மாசியில் சொன்னாள். நான் அன்றைக்கே போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று நேத்தி வைத்தேன். இந்தப் பிள்ளையைக் காத்துத் தா தாயே, வருகிற சடங்கில் எங்கள் குடிப் பூசைக்கு உன் வாசலில் புதுத் திரை சாத்துகிறேன் என்று. வைத்துவிட்டு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. சொன்ன நாளில் திரை ஏறாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும்? அந்தப் பயத்தோடுதான் நான் படுத்தேன், எழும்பினேன்.

ஓவியரைத் தேடிப் பிடித்தவள் மகள்தான். அவர் வரைந்த கோயில் திரைகளை முகநூலில் பார்த்துவிட்டு, இவரிடம்தான் கொடுக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கிரானில் இருந்த அவருடைய வீட்டுக்கு நானும் கணவரும் போனோம். நாற்பது வயது மதிக்கலாம். கதைக்கும்போது நம் முகத்தைப் பார்க்காமல் கையிலிருந்த தூரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. இருந்தாலும் முற்பணம் கொடுத்தோம். நடுவில் அம்மனை வரைந்து, அடியில் 'எங்கள் பேரப்பிள்ளையின் நலன் வேண்டி' என்று உபய வரி எழுத வேண்டும் என்றேன். பங்குனி முடிய முதல் தருவதாகச் சொன்னார்.

பங்குனி போனது. கேட்டால், கொழும்பிலிருந்து சீலை வரவில்லை என்றார். பிறகு, மழையாக இருக்கிறது, நிறம் காயவில்லை என்றார். அவர் அதைச் சொன்ன நேரம் எங்கள் முற்றத்தில் காயப்போட்ட நெல்லைக் கோழி கூடக் கிட்டப் போய்க் கொத்தவில்லை, அப்படி வெயில். அதன் பிறகு தாய்மாமன் இறந்துவிட்டார், துடக்கு என்றார்.

சாவு விழுந்த குடும்பத்து ஆட்கள் முப்பத்தோராம் நாள் முடியும்வரை கோயில் காரியத்தில் கைவைக்கக் கூடாது. அம்மனை வரைவது எப்படி? துடக்கு என்று ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் எங்கள் பகுதியில் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. கேள்வி கேட்க முடியாத பொய்யாகத் தேடி எடுத்திருக்கிறாரே! அடுத்த நாளே கிரானுக்குப் பஸ் ஏறினேன். சந்தியில் மரண அறிவித்தல் பதாகை கட்டியிருந்தது. அதிலிருந்தவரின் மூக்கு அச்சொட்டாக ஓவியரின் மூக்கு. மாமன் உண்மையாகத்தான் செத்திருந்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது.

முப்பத்தொன்றும் முடிந்தது. திரைக்கு எப்போது வரலாம் என்று கேட்டுத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, குறை நினைக்காதீங்க. வாகரையில எங்கட பெரியம்மா மோசம் போயிட்டா. மறுகா துடக்கு" என்றார்.

எங்களுக்கு அடுத்த பூசைக்காரக் குடியும் புதுத் திரை கொடுக்கப் போகிறது என்று ஊரில் ஒரு கதை அடிபட்டது. எனக்கு எல்லாம் விளங்கியது போல இருந்தது. கூடக் காசு கொடுத்து ஆளை மடக்கிவிட்டார்கள். என் பேரப்பிள்ளைக்கு வைத்த திரை அவர்களின் பெயரில் ஏறப் போகிறது.

விடிந்ததும் வெளிக்கிட்டேன். "செத்தவீட்டுக்கு ஆக்கள் துக்கம் கேக்கப் போவாங்க. ஆள் செத்ததா எண்டு பாக்கப் போற மனிசி நீ மட்டும்தான்" என்றார் கணவர். வாவியைப் பாதையில் கடந்தேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போகும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர். அக்கரையில் ஒரு பஸ், மட்டக்களப்பில் இன்னொரு பஸ். வாகரையில் இறங்கி, கிரான் ஓவியரின் பெரியம்மா வீடு எது என்று விசாரித்தேன். காட்டிய வீட்டில் பந்தலும் இல்லை, கூட்டமும் இல்லை. முற்றத்தில் ஒரு மனிசி குந்தியிருந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார்.

"கிரான்ல திரை கீறுற தம்பி உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டேன்.

"என்ட தங்கச்சிர மகன். ஏன் கா, அவனுக்கு என்னவும் ஆகிட்டா?"

"அவருக்கு ஒண்டுமில்ல" என்றேன். நீங்கள் செத்துவிட்டீர்களா என்று பார்க்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது? கருவாடு வாங்க வந்ததாகச் சொன்னேன். அந்த மனிசி தேத்தண்ணி ஊற்றித் தந்து, நிறுக்கும்போது ஒரு துண்டு கூடவே போட்டுத் தந்தார்.

திரும்பும் வழியில் கிரானில் இறங்கினேன். ஓவியர் சுள்ளென்ற வெயிலில் கடைப் பலகை ஒன்றுக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். கருவாட்டுப் பொதியை அவருக்கு முன்னால் வைத்தேன்.

"உங்கட பெரியம்மா சுகமா இருக்கிறா. இது அவட கையால நிறுத்துத் தந்தது."

அவர் எழும்பி நின்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மூலையில் வெள்ளைத் துணியால் சுற்றிய சுருள் ஒன்று நின்றது. கேட்காமலே அவிழ்த்தேன். அம்மன் முழுதாக இருந்தாள். சிலம்பு, பட்டு, முகத்தில் அந்த அமைதி, ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. நிறம் எப்போதோ காய்ந்துவிட்டது. அடியில் உபய வரிக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"ஆர்ர பேரை எழுதுறதுக்கு இத விட்டு வச்சிருக்கிறீங்க? அவங்க எவ்வளவு கூடத் தாறாங்க?" என்று கத்தினேன்.

"அக்கா, ஒள்ளுப்பம் நேரம் குந்துங்க."

"நான் குந்த வரல்ல."

"அந்த வரிய எழுத வேணாமெண்டு உங்கட மகள்தான் சொன்னவ" என்றார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "சடங்கு முடியும் மட்டும் என்னத்தையாவது சொல்லி இழுங்க அண்ணன், அம்மாட்ட நானே சொல்லுவன், அதுக்கு நேரம் வேணும் எண்டு போன்ல அழுதவ. மாமா செத்தது உண்மைதான் அக்கா. பெரியம்மாவ நான்தான் சாக்காட்டினன்."

"எழுத வேணாமெண்டு அவள் ஏன்..." என்று கேட்கத் தொடங்கினேன். கேட்டு முடிக்க முதலே விளங்கிவிட்டது.

பிள்ளை பங்குனியிலேயே இல்லாமல் போயிருந்தது, மிச்சத்தை ஓவியர்தான் சொன்னார். அதற்குப் பிறகும் அவள் நாள் தவறாமல் கதைத்தாள். சாப்பிட்டேன் அம்மா, டொக்டர் நல்லம் என்று சொன்னவர் அம்மா என்றெல்லாம் சொன்னாள். வீடியோவில் முகத்தை மட்டும்தான் காட்டினாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். ஊரிலுள்ள எல்லாரையும் சந்தேகித்த எனக்கு அவளைச் சந்தேகிக்கத் தோன்றவேயில்லை.

யாரில் கோபப்படுவது என்று தெரியாமல் நின்றேன். பிறகு அம்மாளில்தான் கோபம் வந்தது. "உன்ட வாசல்ல வந்துதானே கேட்டன்? பாத்துக்கொண்டு இருந்தனியா?" என்று திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன். ஓவியர் தலையைக் குனிந்துகொண்டார். அவரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

கொஞ்சம் ஆறியதும், "சொல்லுறதுக்கு வேற பொய் கிடைக்கல்லயா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"நீங்க வாகரைக்கே போவீங்க எண்டு ஆருக்குத் தெரியும் அக்கா?" என்றார்.

திரையை நானே சுருட்டினேன். துணியைச் சுற்றி மூலையில் நிறுத்திவிட்டு, இந்த வருடம் வேண்டாம், வைத்திருங்கள் என்றேன். எங்கள் பூசைக்குப் பழைய கிழிந்த திரைதான் தொங்கும். அடுத்த குடிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தது. பஸ்ஸிலும் அழவில்லை, பாதையிலும் அழவில்லை. தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். பொழுதுபட மகள் வழமைபோலத் தொலைபேசி எடுத்தாள். என்ன கறி என்று கேட்டாள். கருவாடு என்றேன். பிறகு குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஓவியர் திரை தந்திட்டாராம்மா?"

"இல்ல. துடக்காம்."

"மறுகாவும் துடக்கா? ஆருக்காம்?"

"நமக்குத்தான் மனே" என்றேன்.

சின்ன வயதில் அவள் பள்ளிக்கூடத்தில் விழுந்தால் வழி முழுக்க அடக்கிக்கொண்டு வந்து, வீட்டுப் படலையில் என்னைக் கண்ட பிறகுதான் அழுவாள். அப்படி அழத் தொடங்கினாள்.