தெல்மாவாக நடிக்கத் தெல்மாவுக்குத் தகுதியில்லை

உங்களைப் போல நடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று தேர்வு வைத்தால், அதில் நீங்கள் தேறுவீர்களா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். வட இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில் இருக்கும் எங்கள் ஊர் தெல்மா ஓல்ட்ராய்டு தேறவில்லை.

தெல்மா முப்பத்தோரு வருஷமாகச் சலவைக்கடையில் கோட்டுகளை வாங்கிச் சீட்டுக் குத்துகிறவள். காலை எட்டேகால் மாடி பஸ்ஸில் மேல்தட்டில் உட்கார்ந்து, தோழியிடம் லீட்ஸ் நகரம் வரும்வரை பேசிக்கொண்டே போவாள். அவளுக்குப் பின்சீட்டில் மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் எப்போதும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் ஊர்க் கசாப்புக்கடைக்காரர் மகன், நெஸ்பிட் ஹேய். நகைச்சுவை நாடகங்கள் எழுதிப் பேர் வாங்கியவர். ஜன்னலைப் பார்த்தபடியே மடியில் இருந்த குறிப்பேட்டில் காதில் விழுவதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிறகு அவருடைய நாட்குறிப்பு புத்தகமாக வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தேதி, பஸ், சலவைக்கடை தெல்மா ஓல்ட்ராய்டு என்ற பெயர், அவள் வாய்ச்சொல் எல்லாம் அப்படியே இருக்கின்றன: "டாக்டரு என் முழங்கால ரொம்ப சுவாரசியமா இருக்குன்னாரு. ஐம்பது வருஷத்துல என்னப் பாத்து ஒரு ஆம்பள அப்படிச் சொன்னது அதான் மொத தடவ." இந்தப் பேச்சையும் இந்தப் பெண்ணையும் வைத்தே, கதாநாயகிக்குப் பெயரை மட்டும் மாற்றி, ஹேய் ஒரு நாடகம் எழுதினார். லண்டன் இரண்டு வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்த நாடகத்தை எங்கள் ஊர் நாடக மன்றமும் போட முடிவெடுத்தது. நான் அங்கே காட்சித்திரைக்கு வர்ணம் அடிக்கிறேன். தலைவர் பாராக்ளஃப், ஓய்வுபெற்ற பல் டாக்டர். அவர் மனைவி முரியல், கதாநாயகி. நாடகம் மாறும், கதாநாயகி மாறமாட்டாள்.

தெல்மாவுக்கு அந்தக் கதாநாயகி வேஷத்தின் மேல் கொள்ளை ஆசை. சலவைக்கடையில் ஆளில்லாத நேரத்தில் கோட்டுகளிடம் வசனம் சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

"அது நாந்தான்னு சொல்லேன் தெல்மா," என்றேன்.

"ஐயய்யோ, பெருமையடிச்சுக்கிட்ட மாதிரி ஆயிடும்!"

யார்க்‌ஷயரில் ஒருவன் திருடினால்கூட மன்னித்துவிடுவார்கள். தன்னைப் பற்றித் தானே நல்லதாக ஒரு வார்த்தை சொன்னவனுக்குப் பிறகு ஆயுசுக்கும் எந்த வீட்டிலும் டீயோடு பிஸ்கட் தட்டு நீளாது.

தேர்வன்று அவள் முழங்கால் வசனத்தைச் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் வர்ண டப்பா கவிழ்ந்தது. பாராக்ளஃப் பேனாவால் பல்லைத் தட்டிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. ஆனா நம்புற மாதிரி இல்ல. அந்த மாதிரிப் பொம்பள இப்படிப் பேச மாட்டா."

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் தெல்மா.

எனக்கு ரத்தம் கொதித்தது. நாட்குறிப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் விரித்து வைத்தேன். "ஆதாரம் இருக்கு. படிங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "ஓகோ. அந்தப் பொம்பளையே இவதானா! அப்படின்னா இது நடிப்பே இல்லையே. சும்மா இருக்குறதுதானே?"

ஒரே நிமிஷத்தில் இரண்டு தீர்ப்பு. முதல் தீர்ப்பில் அவள் தெல்மாவைப் போல இல்லை, இரண்டாவதில் அளவுக்கு மேல் தெல்மாவாக இருக்கிறாள். ஒன்று உண்மையென்றால் மற்றது பொய். ஆனால் இரண்டிலும் வேஷம் மட்டும் தவறாமல் முரியலுக்கே போனது. அநியாயம் எப்போதும் இப்படித்தான்: காரணத்தை மாற்றிக்கொள்ளும், முடிவை மாற்றிக்கொள்ளாது.

தெல்மாவைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுக்கச் சொன்னார்கள். அதற்கும் நன்றி சொன்னாள்!

சனிக்கிழமை மதியக் காட்சி. முழங்கால் கட்டத்தில் முரியலுக்கு வசனம் மறந்துவிட்டது. உள்ளிருந்து தெல்மா மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். அரங்கம் சிரித்தது. அதையே முரியல் திருப்பிச் சொன்னாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அடுத்த வரியையும் மறந்தாள். மறுபடி தெல்மா, மறுபடி சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் முரியல் மீன் மாதிரி வாயை மட்டும் திறந்து மூடத் தொடங்கினாள். மீதி நாடகம் முழுவதையும் திரை பேசியது.

உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது: "திருமதி பாராக்ளஃபின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வருவதுபோல் ஒலித்தது அவருடைய கலையின் உச்சம்." நிகழ்ச்சித்தாளில் தெல்மாவின் பெயர் எந்த மூலையிலும் இல்லை.

இலையுதிர் காலத்தில் பக்கத்து ஊரிலும் அதே நாடகத்தைப் போடக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை செயற்குழுவில் நான் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டேன். அதன் பலனாக, வேஷம் வேண்டுகிறவர்கள் பெயர் எழுத அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் குத்தினார்கள். முதலில் எழுதுகிறவருக்கே வேஷம்.

"போ, எழுது," என்றேன்.

"முரியல் மனசு கஷ்டப்படுமே."

"உன் மனசு?"

"அது கெடக்கு. அதுக்குப் பழகிப்போச்சு."

மூன்று நாள் அந்தத் தாளைக் கடந்து போனாள், வந்தாள். நாலாம் நாள் எழுதிவிட்டாள்! முதல் பெயர் அவளுடையதுதான். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பென்சிலில், எறும்பு எழுத்தில் இருந்தது: "தெல்மா ஓல்ட்ராய்டு, வேறு யாருக்கும் வேண்டாம் என்றால் மட்டும்."

அதற்குக் கீழே பேனாவில், பெரிதாக, முரியல்.

பாராக்ளஃப் தாளைக் கையில் எடுத்து நிதானமாகப் படித்தார். "வேற ஒருத்தருக்கு வேணுமாம். தெல்மா கேட்டபடியே செஞ்சிட்டோம்," என்றார். தெல்மா தலையாட்டினாள். எனக்கு முதல்முறையாக யார் மேல் அதிகம் கோபப்படுவது என்று தெரியவில்லை.

உங்கள் ஊரிலும் எங்கேயாவது இப்படி ஒரு தாள் தொங்கிக்கொண்டிருக்கும். நீங்கள் செய்கிற வேலைக்கு வேறொருவர் பெயர் போட்டுக்கொள்ளக் காத்திருப்பார். தயவுசெய்து இன்றைக்கே போய் உங்கள் பெயரை எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள். எழுதிய பிறகு, பக்கத்தில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல் கையை எடுத்துவிடுங்கள்.